இசைத்தட்டின் பின்பக்கம் ஒரு பற்று வரவு: 2006-இல் மறைந்த ரிதம் அண்ட் புளூஸ் கலைஞர்கள்

2006-ஆம் ஆண்டு அமெரிக்கக் கறுப்பின இசைக்கு ஆகாத ஆண்டாகப் போயிற்று. ஜனவரி 6-இல் லூ ரால்ஸ் இறந்தார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, 19-ஆம் தேதி வில்சன் பிக்கெட். ஜூன் 6-இல் பில்லி பிரஸ்டன். நவம்பர் 17-இல் ரூத் பிரவுன். டிசம்பர் 14-இல் அஹ்மத் எர்டகுன்; இவர் பாடகர் இல்லை, ரூத் பிரவுனைப் பாடவைத்த அட்லாண்டிக் இசைத்தட்டுக் கம்பெனியின் முதலாளி. கடைசியாக, கிறிஸ்துமஸ் அன்று அதிகாலையில் ஜேம்ஸ் பிரவுன்.

பத்திரிகைகள் ஒவ்வொருவருக்கும் நல்ல இடம் ஒதுக்கின. அட்லாண்டிக்கைக் கட்டி எழுப்பிய பாடகியும் அதன் முதலாளியும் ஒரு மாதத்துக்குள் அடுத்தடுத்துப் போனதால், சில வார இடைவெளியில் ஒரே கதையை இரண்டு கோணங்களில் படிக்கக் கிடைத்தது. இரண்டிலும் வரும் பாட்டுகள் அவையேதான். பணம் மட்டும் வேறு வேறு பக்கம் பாய்ந்திருந்தது.

அஞ்சலிக் கட்டுரைகளில் தவறாமல் வந்த செய்தி, இவர்கள் பின்னால் வந்த அத்தனை பேரையும் பாதித்தார்கள் என்பது. ரோலிங் ஸ்டோன்ஸ், பீட்டில்ஸ், பிரின்ஸ், பிறகு ஹிப் ஹாப் தலைமுறை முழுவதும் இவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது என்பது உண்மைதான். ஆனால் எடுத்துக்கொண்டதற்கு விலை என்ன, அது யார் கைக்குப் போனது என்று கேட்டால், இந்த வாழ்க்கைகள் வேறு மாதிரி தெரியத் தொடங்குகின்றன. இவர்கள் உலகத்துக்குக் கொடுத்ததில் பெரும்பகுதிக்கு அன்றைய சட்டத்தில் விலையே கிடையாது. அதை விளங்கிக்கொள்ளாமல் இவர்களை நினைவுகூர்வது பாதி வேலைதான்.

பெயருக்கு ஒரு பிறந்த நாள்

ரிதம் அண்ட் புளூஸ் என்ற பெயருக்குத் தேதி சொல்லலாம்: 1949 ஜூன் 25. அதுவரை கறுப்பின மக்கள் வாங்கும் தட்டுகளின் விற்பனைப் பட்டியலை 'பில்போர்டு' இதழ் 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்ற தலைப்பில், அதாவது இனத்தட்டுகள் என்று, போட்டுவந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து நாலு வருஷம் ஆன பிறகும் அப்படியொரு தலைப்பு இருப்பது உறுத்தியது. இதழில் வேலைபார்த்த ஜெர்ரி வெக்ஸ்லர் சொன்ன மாற்றுப் பெயர் ஒட்டிக்கொண்டது. இதே வெக்ஸ்லர் 1953-இல் அட்லாண்டிக்கில் பங்காளியாகச் சேர்ந்து, தான் பெயர் வைத்த இசையைத் தானே பதிவுசெய்து விற்கப் போனார்.

பெயர்தான் புதிது, சரக்கு முன்பே சந்தையில் இருந்தது. முப்பதுகளின் பெரிய ஜாஸ் குழுக்களில் பதினைந்து, இருபது பேர் இருப்பார்கள்; போர்க்காலத்தில் அத்தனை பேருக்குச் சம்பளமும் பேருந்துச் செலவும் கட்டுப்படியாகவில்லை. லூயி ஜோர்டன் கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்கும் சிறு குழுவை வைத்துக்கொண்டே ஒரு அரங்கை ஆடவைக்கலாம் என்று காட்டினார். 1950 வரை அவருடைய 18 பாட்டுகள் கறுப்பினப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தன. தெற்கின் பருத்திக் காடுகளை விட்டு சிகாகோ, டெட்ராய்ட், லாஸ் ஏஞ்சலிஸ் என்று வேலைக்குப் போன லட்சக்கணக்கான பேரின் சனிக்கிழமை இரவு இசை அது. கூட்டத்தின் இரைச்சலைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதால் மின்கிட்டார் வந்தது, சாக்ஸபோன் கதறியது, டிரம்ஸில் இரண்டாவது அடியும் நான்காவது அடியும் அழுத்தமாக விழுந்தன.

பெரிய கம்பெனிகள் இந்தச் சந்தையை அவ்வளவாக மதிக்கவில்லை. அந்த இடைவெளியில் சிறு முதலாளிகள் புகுந்தார்கள்: சிகாகோவில் செஸ், சின்சினாட்டியில் கிங், ஹூஸ்டனில் பீகாக், நியூயார்க்கில் அட்லாண்டிக். கையில் காசில்லாத கம்பெனிகள் இவை. இசைஞனுக்குப் பதிவன்று கையில் கொஞ்சம் ரொக்கம், மற்றதெல்லாம் பின்னால் என்பது தொழிலின் வழக்கம். அந்தப் 'பின்னால்' பலருக்கு வரவேயில்லை.

ரூத் கட்டிய வீடு

ரூத் பிரவுன் 1928-இல் வர்ஜீனியா மாநிலத்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் பிறந்தார். அப்பா தேவாலயப் பாடகர் குழுவை நடத்தியவர். கடவுளைப் பாடாத பாட்டு அவர் வீட்டில் செல்லாது. பெண் பதின்ம வயதிலேயே ஒரு டிரம்பெட் வாசிப்பவரோடு வீட்டை விட்டுக் கிளம்பி, அவர் பெயரான பிரவுனைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். வாஷிங்டனில் ஒரு இரவு விடுதியில் அவர் பாடுவதைக் கேட்ட வானொலி அறிவிப்பாளர் ஒருவர், புதிதாகத் தொடங்கியிருந்த அட்லாண்டிக்கிடம் சொல்லிவைத்தார். 1948 அக்டோபரில் நியூயார்க்கின் அப்போலோ அரங்கில் பாடப் போகும் வழியில், பென்சில்வேனியாவின் செஸ்டர் அருகே கார் விபத்து. கால்கள் நொறுங்கி மாதக்கணக்கில் மருத்துவமனை. அட்லாண்டிக் ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப் போட்டது அந்தக் கட்டிலில் படுத்தபடிதான்.

அதன்பின் பத்து வருஷம் அவர் காட்டில் மழை. 1950-இல் வந்த 'டியர்டிராப்ஸ் ஃப்ரம் மை ஐஸ்' 11 வாரம் பட்டியலின் உச்சியில் நின்றது. 1949 முதல் 1960 வரை இருபதுக்கும் மேற்பட்ட பாட்டுகள் பட்டியலில் ஏறின. மேல்ஸ்தாயியில் குரல் ஒரு கணம் கீச்சென்று உடைந்து மீளும். அந்த உடைசல்தான் அவருடைய கையெழுத்து. நியூயார்க்கில் பேஸ்பால் வீரர் பேப் ரூத்தால் எழுந்த விளையாட்டரங்கத்தை 'ரூத் கட்டிய வீடு' என்பார்கள். அட்லாண்டிக்குக்கும் அதே பட்டப்பெயர் வந்தது, வேறொரு ரூத்தால்.

அந்த நாள்களில் அவர் தெற்கில் பாடிய இடங்களில் பல, புகையிலைக் கிடங்குகள். நடுவில் ஒரு கயிறு கட்டியிருக்கும். ஒரு பக்கம் கறுப்பர், மறுபக்கம் வெள்ளையர். ஆட்டம் சூடு பிடிக்கும்போது கயிறு என்ன ஆகும் என்பதை அன்றைய கலைஞர்கள் பலர் சிரிப்போடு சொல்லியிருக்கிறார்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அலை ஓய்ந்தது. ரூத் பிரவுன் லாங் ஐலண்டில் இரண்டு பிள்ளைகளை வளர்க்கப் பள்ளிப் பேருந்து ஓட்டினார், வீட்டு வேலைக்குப் போனார். தான் துடைத்துக்கொண்டிருக்கும் வீட்டின் வானொலியில் தன் குரல் வரும் நிலை. ராயல்டி ஏன் வரவில்லை என்று கேட்டால், கம்பெனியின் கணக்குப்படி அவர்தான் பாக்கிக்காரர்!

இது எப்படி நடக்கிறது என்பதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம். ஒப்பந்தப்படி விற்பனையில் மிகச் சிறிய சதவீதம் பாடகருக்கு. ஆனால் ஸ்டுடியோ வாடகை, வாத்தியக்காரர்களின் கூலி, விளம்பரச் செலவில் ஒரு பங்கு, திரும்பி வந்த தட்டுகளின் கழிவு எல்லாம் பாடகருக்குக் கொடுத்த முன்பணமாகவே அவர் பற்றில் ஏறும். அந்தச் சிறிய சதவீதத்திலிருந்து இத்தனையும் கழிந்த பின்புதான் முதல் டாலர் அவர் கைக்கு வரும். அதற்குள் கம்பெனி தன் பங்கில் லாபம் பார்த்து முடித்திருக்கும். பழைய பாட்டுகளைத் தொகுத்துப் புது ஆல்பமாக விட்டால் அந்தச் செலவும் பற்றில் சேரும். கணக்கு அறிக்கை வருவது நின்றுபோனால், பாக்கி எவ்வளவு என்றுகூடத் தெரியாது. எழுதியது தவறு என்று நிரூபிக்க வேண்டுமானால் கணக்குப் புத்தகம் வேண்டும். அது கம்பெனியின் அலமாரியில் இருக்கும். நம் ஊரில் வட்டிக்கடைக்காரரிடம் நோட்டு இருக்கும் கதைதான்.

எண்பதுகளில் ஹோவெல் பெகிள் என்ற வழக்கறிஞர், சிறு வயதிலிருந்தே ரூத் பிரவுனின் ரசிகர், இந்தக் கணக்கைக் கிளறினார். ரூத் பிரவுன் அமெரிக்கக் காங்கிரஸ் குழு முன்னால் சாட்சி சொன்னார், பேட்டிகளில் வெளுத்து வாங்கினார். அட்லாண்டிக் தன் 40-ஆம் ஆண்டு விழாவை 1988 மே மாதம் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரு நாள் முழுக்க நடத்தத் திட்டமிட்டிருந்த நேரம் அது. வீட்டைக் கட்டியவரே வாசலில் நின்று கூலி கேட்கும்போது விழா எடுப்பது சிரமம். கம்பெனி இறங்கிவந்தது. ரூத் பிரவுன் உட்பட 36 கலைஞர்களின் பழைய பாக்கிகளைத் தள்ளுபடி செய்தது, பின்தேதியிட்டு ராயல்டி கொடுத்தது, 20 லட்சம் டாலருக்கு உட்பட்ட ஒரு தொகையைத் தந்து ரிதம் அண்ட் புளூஸ் அறக்கட்டளை உருவாக வழி செய்தது. செஸ் கம்பெனியின் பழைய பதிவுகளை வாங்கி வைத்திருந்த எம்.சி.ஏ. கம்பெனியும் பின்னாலேயே தன் ஒப்பந்தங்களைத் திருத்தியது.

அந்த அறக்கட்டளை முன்னோடிகளுக்கு விருது கொடுத்தது. அதைவிடப் பெரிய வேலை, மருத்துவக் காப்பீடு இல்லாத இசைஞர்களின் ஆஸ்பத்திரிச் செலவில் கைகொடுத்தது. டெட்ராய்டின் மோட்டவுன் கம்பெனியின் முதல் பெரிய நட்சத்திரங்களில் ஒருவரான மேரி வெல்ஸ் 1990-இல் தொண்டைப் புற்றுநோயில் விழுந்தபோது அவரிடம் காப்பீடு இல்லை; உதவியவர்களில் இந்த அறக்கட்டளையும் உண்டு.

ரூத் பிரவுனுக்கு இரண்டாவது ஆட்டமும் கிடைத்தது. 1989-இல் பிராட்வே மேடையில் 'பிளாக் அண்ட் புளூ'வுக்காக டோனி விருது, அடுத்த வருஷம் கிராமி. அவருடைய பாட்டுகளைத் தாண்டி, வழக்காடி வாங்கிக்கொடுத்த இந்த ஏற்பாடுதான் அவர் விட்டுச்சென்றதில் பெரியது என்று நினைக்கிறேன். அஞ்சலிக் கட்டுரைகளில் அது கடைசிப் பத்திகளில்தான் வந்தது.

முதலாளி

அஹ்மத் எர்டகுனை வெறும் வில்லனாக நிறுத்தினால் கதை எளிதாகிவிடும். அவர் அவ்வளவு எளிய ஆளில்லை. வாஷிங்டனில் துருக்கித் தூதரின் மகன். கறுப்பினர் பகுதிகளில் அலைந்து பழைய தட்டுகள் வாங்கிச் சேர்த்த பையன். நகரத்தில் இரண்டு இனத்தவரும் ஒன்றாக உட்காரக்கூட இடமில்லாத காலத்தில், தூதரக மாளிகையில் இரு இன இசைஞர்களையும் சேர்த்து வாசிக்க வைத்தார். கறுப்பர் ஒருவர் முன்வாசல் வழியாக உள்ளே போனதைக் கண்டித்து ஒரு தென்மாநில செனட்டர் கடிதம் எழுத, எங்கள் நண்பர்கள் முன்வாசல் வழியாகத்தான் வருவார்கள், நீங்கள் வந்தால் பின்வாசலைத் திறந்துவைக்கிறோம் என்று தூதர் பதில் எழுதியதாகச் சொல்வார்கள்.

1947-இல் குடும்பப் பல் மருத்துவரிடம் 10,000 டாலர் வாங்கி, ஹெர்ப் ஏப்ரம்சனோடு சேர்ந்து கம்பெனி தொடங்கினார். ஆரம்ப காலத்தில் பாட்டும் எழுதினார். தட்டில் தன் பெயரைத் திருப்பிப் போட்டு 'நுகெட்ரே' என்று அச்சிட்டுக்கொண்டார். ரே சார்ல்ஸுக்கு அப்படி எழுதிய பாட்டு ஒன்று இன்றும் ஒலிக்கிறது. இசையை உயிராக நேசித்தவர், அதை அறிந்தவர். அவர் கம்பெனியிலும் கணக்கு மற்றவர்கள் எழுதியது போலவேதான் எழுதப்பட்டது. 1967-இல் அட்லாண்டிக் 1.75 கோடி டாலருக்குக் கைமாறியது. ரூத் பிரவுன் வானொலியில் தன் குரலைக் கேட்டுக்கொண்டே பிழைப்புக்கு ஓடிக்கொண்டிருந்த காலம் அதுதான்.

கெட்ட மனிதர்கள் ஏமாற்றினார்கள் என்று முடித்துவிட முடியாமல் செய்வது இந்த மனிதர்தான். நல்ல ரசனையும் இனப் பாகுபாடில்லாத மனமும் இருந்தும், தொழிலின் வழக்கம் அதன் வேலையைச் செய்துவிட்டது. எனக்கு அவர் மேல் கோபமும் நன்றியும் சேர்ந்தே வருகிறது. இந்தத் தட்டுகளைக் கேட்டு வளர்ந்த பலருக்கும் அப்படித்தான் இருக்கும்.

சட்டம் எதை எண்ணியது, எதை எண்ணவில்லை

ஒரு பாட்டில் சட்டம் பார்க்கும் சொத்து இரண்டு. ஒன்று மெட்டும் வரியும். அது எழுதியவருக்கும் வெளியீட்டாளருக்கும் உரியது. மற்றது பதிவான ஒலி; அது கம்பெனியின் கையில். பாடகர் ஒரு சொல்லை எங்கே இழுத்தார், டிரம்ஸ்காரர் அடியை எங்கே பிந்த விட்டார், வாத்தியங்களை அடுக்கும் இசைக்கோப்பு எப்படி அமைந்தது என்பதெல்லாம் இந்த இரண்டு பெட்டியிலும் அடங்காது. ரிதம் அண்ட் புளூஸின் உயிரே அந்த அடங்காத பகுதியில்தான் இருந்தது. அதில் வல்லவர்களாக இருந்தவர்கள் பெரும்பாலும் எழுதியவர்களாகவும் இல்லை, கம்பெனி வைத்திருந்தவர்களாகவும் இல்லை.

இதை ரூத் பிரவுனின் அட்லாண்டிக் தோழி லவர்ன் பேக்கரைப் போல அனுபவித்தவர் குறைவு. அவருடைய 'டுவீடில் டீ' வெளியானதும், ஜார்ஜியா கிப்ஸ் என்ற வெள்ளைப் பாடகி அதே பாட்டை, அதே இசைக்கோப்போடு, அச்சு அசலாகப் பதிவுசெய்தார். 1955-இல் வெள்ளையர் வானொலிகளில் ஓடியது அந்த நகல்தான். பெரிய பணமும் அங்கேதான். எழுதியவருக்கு இரண்டு தட்டிலும் வருமானம் உண்டு. பேக்கருக்குத் தன் தட்டில் மட்டும். நீதிமன்றத்துக்குப் போகவும் வழியில்லை: ஒரு பாட்டின் இசைக்கோப்பைக் காப்பியடிப்பது குற்றமில்லை என்று சுப்ரீம் என்ற சிறு கம்பெனி டெக்காவின் மேல் போட்ட வழக்கில் 1950-இலேயே தீர்ப்பு வந்திருந்தது. பேக்கர் மிச்சிகன் மாநிலக் காங்கிரஸ் உறுப்பினர் சார்ல்ஸ் டிக்ஸுக்குக் கடிதம் எழுதினார், சட்டத்தைத் திருத்துங்கள் என்று. ஒன்றும் நடக்கவில்லை. பின்னர் ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறும் முன் பயணக் காப்பீடு எடுத்து, தான் இறந்தால் பணம் ஜார்ஜியா கிப்ஸுக்குப் போகட்டும் என்று எழுதிவைத்தார்; நான் போய்விட்டால் காப்பியடிக்க ஆளில்லாமல் அந்தம்மா சிரமப்படுவாரே என்பது காரணம்.

அந்த நகைச்சுவைக்காகவே பேக்கரை எனக்குப் பிடிக்கும். பின்னாளில் அவர் பிலிப்பைன்ஸின் சுபிக் விரிகுடா அமெரிக்கத் தளத்தில் படைவீரர் விடுதியின் கேளிக்கைகளை ஏற்பாடு செய்துகொண்டு இருபது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டார். ஊர் திரும்பிப் பாடியது அந்த 1988 விழாவில். 1997-இல் நியூயார்க்கில் இறந்தார். குவீன்ஸ் பகுதியின் இடுகாட்டில் அவர் புதைகுழிக்குக் கல் நட 2008 ஆயிற்று. உள்ளூர் வரலாற்று ஆர்வலர்கள் வசூல் செய்து நட்டார்கள்.

இது ஒருவருக்கு நேர்ந்ததில்லை. ஜாக்கி வில்சன் 1975-இல் நியூஜெர்சியில் மேடையில் பாடிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்தார். நினைவு சரியாகத் திரும்பாமலே எட்டு ஆண்டுகளுக்கு மேல் கிடந்து 1984-இல் இறந்தார். அவர் பாடிய பாட்டுகளை எழுதியவர்களில் ஒருவர்தான் பின்னர் மோட்டவுனை நிறுவிய பெரி கோர்டி. வில்சனின் புதைகுழியில் 1987 வரை பெயர்ப்பலகைகூட இல்லை. கல் இல்லாத புதைகுழி என்பது இந்த இசையின் வரலாற்றில் அடிக்கடி வரும் விவரம். கணக்கில் பணமில்லை என்பதன் கடைசி வரி அது.

ஆடிக் காட்டிய தாளம்

வில்சன் பிக்கெட்டின் குரல் கோயில் பிரசங்கத்திலிருந்து நேரே வந்தது. அலபாமாவில் பிறந்து டெட்ராய்டில் வளர்ந்தவர். முன்கோபி என்று பெயர். 1965-இல் ஜெர்ரி வெக்ஸ்லர் அவரை மெம்பிஸ் நகரின் ஸ்டாக்ஸ் ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனார். பழைய சினிமாக் கொட்டகை ஒன்றை மாற்றி அமைத்த ஸ்டுடியோ அது. பிக்கெட்டும் கிட்டார்காரர் ஸ்டீவ் குரோப்பரும் எழுதிய 'இன் தி மிட்நைட் அவர்' ஒத்திகையில், நியூயார்க்கில் இளைஞர்கள் புதிதாக ஆடும் ஜெர்க் நடனத்தில் அழுத்தம் எங்கே விழுகிறது என்பதை வெக்ஸ்லர் வாயால் சொல்லிப் பார்த்து, முடியாமல், நடுக்கூடத்துக்கு வந்து ஆடியே காட்டினார். டிரம்ஸ்காரர் அல் ஜாக்சன் அதைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது, நான்காவது அடிகள் இம்மியளவு பிந்தி விழுந்தன. அந்தப் பிந்தலை அதன்பின் மெம்பிஸ் தட்டுகளில் நெடுகக் கேட்கலாம்.

அந்தத் தாளம் இன்று யாருடையது? ஆடிக் காட்டியவருடையதா, அடித்தவருடையதா? சட்டப்படி யாருடையதும் இல்லை. பாட்டில் பிக்கெட்டுக்கும் குரோப்பருக்கும் எழுத்தாளர் பங்கு இருந்தது, அது நல்லதாயிற்று. ஸ்டாக்ஸ் போன்ற சிறு கம்பெனிகளுக்கே கதி வேறாக இருந்தது: அட்லாண்டிக் கைமாறியபோது ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால், அட்லாண்டிக் மூலம் விற்ற அத்தனை பதிவுகளும் அட்லாண்டிக்குக்கே சொந்தம் என்று எழுதியிருந்தது. ஸ்டாக்ஸின் முதலாளி ஜிம் ஸ்டூவர்ட் அந்த வரியைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார். முதலாளிக்கே இந்தக் கதி என்றால் பாடகர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

டெட்ராய்டிலும் இதே கதைதான். மோட்டவுனின் அறுபதுகள் நெடுக அடித்தளமாக ஒலித்த பேஸ் கிட்டார், ஜேம்ஸ் ஜேமர்சன் என்பவரின் ஒற்றை ஆள்காட்டி விரலில் பிறந்தது. ரசிகர்கள் பாட்டை முணுமுணுக்கும்போது பல நேரம் அவர் வாசித்ததைத்தான் முணுமுணுத்தார்கள். மோட்டவுன் தட்டு உறையில் அவர் பெயர் வர 1971 ஆயிற்று, மார்வின் கேயின் ஆல்பத்தில். 1983-இல் மோட்டவுனின் வெள்ளிவிழா தொலைக்காட்சிக்காகப் படமானபோது அவர் மேடையில் இல்லை, பார்வையாளர்களில் ஒருவராக உட்கார்ந்திருந்தார். அதே ஆகஸ்டில் 47 வயதில் இறந்தார்.

ஜேம்ஸ் பிரவுனின் இரண்டு பக்கம்

ஜேம்ஸ் பிரவுன் இந்த விளையாட்டின் விதிகளைச் சீக்கிரமே புரிந்துகொண்டவர். 1962-இல் அப்போலோ கச்சேரியை நேரடியாகப் பதிவுசெய்ய வேண்டும் என்று கேட்டார். ஏற்கெனவே வந்த பாட்டுகளை யார் மறுபடி வாங்குவார்கள் என்று கிங் கம்பெனி முதலாளி சிட் நேதன் மறுத்தார். பிரவுன் தன் பணத்தைப் போட்டுப் பதிவுசெய்தார். அந்த ஆல்பம் அமெரிக்காவின் பொதுப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போய் ஒரு வருஷத்துக்கு மேல் நின்றது. ஜார்ஜியாவின் அகஸ்டாவில் சிறுவனாக எந்த வானொலி நிலையத்தின் வாசலில் ஷூ துடைத்தாரோ, அதை 1968-இல் விலைக்கு வாங்கினார்.

அதே மனிதர் தன் குழுவுக்கு எப்படிப்பட்ட முதலாளி? ஷூ பளபளக்காவிட்டால் அபராதம், சைகையைத் தவறவிட்டால் அபராதம். 1970-இல் குழுவில் பெரும்பாலோர் சம்பளத் தகராறில் விலகினார்கள். பிரவுன் சின்சினாட்டியிலிருந்து பூட்ஸி காலின்ஸ் என்ற இளைஞரின் குழுவை வரவழைத்து அன்றிரவே மேடை ஏற்றினார்.

விலகல் நடப்பதற்குச் சில மாதம் முன்பு, 1969 நவம்பரில், சின்சினாட்டி கிங் ஸ்டுடியோவில் 'ஃபங்கி டிரம்மர்' பதிவாயிற்று. நடுவில் எல்லா வாத்தியமும் நிற்க, கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு தனியாக டிரம்ஸ் வாசிக்கிறார். சில நொடிகள்தான். எண்பதுகளில் ஒலித்துண்டுகளை வெட்டி ஒட்டும் கருவிகள் வந்தபோது ஹிப் ஹாப் தயாரிப்பாளர்கள் அந்தச் சில நொடிகளை எடுத்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளில் ஓடவிட்டார்கள். பாட்டின் எழுத்தாளராகப் பதிவில் இருப்பது ஜேம்ஸ் பிரவுன் பெயர் மட்டும். அனுமதிக் கட்டணம் வந்தாலும் ஸ்டபிள்ஃபீல்டுக்கு அதில் பங்கில்லை. அவர் விஸ்கான்சினின் மாடிசன் நகரில் வாராவாரம் கிளப்பில் வாசித்துக்கொண்டு வாழ்ந்தார். பணத்தைவிடப் பெயர் வந்தால் போதும் என்பதே அவர் பேட்டிகளில் சொல்லிவந்தது. அவருக்குப் புற்றுநோய் வந்தபோது மருத்துவச் செலவைப் பிரின்ஸ் வெளியில் தெரியாமல் ஏற்றுக்கொண்டார். பிரின்ஸ் இறந்த பிறகுதான் விஷயம் வெளிவந்தது. ஸ்டபிள்ஃபீல்டு 2017 பிப்ரவரியில் காலமானார்.

தன் உரிமைக்காகக் கம்பெனியோடு மல்லுக்கட்டிய ஒருவர், தனக்குக் கீழே இருந்தவர்களுக்கு அதே கம்பெனியாக நடந்துகொண்டார் என்பதைச் சொல்லாமல் ஜேம்ஸ் பிரவுனுக்கு அஞ்சலி எழுத முடியாது. இதைச் சொல்வதால் அவர் சிறுத்துவிடப் போவதுமில்லை. முதல் அடிக்கு எல்லா வாத்தியமும் பணியும்படி அவர் மாற்றியமைத்த தாளம் இல்லாமல் பின்னாளைய நடன இசையை யோசிக்கவே முடியாது. அவர் உடல் 2006 டிசம்பர் 28-இல் அப்போலோ மேடையில் வைக்கப்பட்டபோது ஹார்லெம் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். தன் சொத்தின் பெரும்பகுதி ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு என்று அவர் உயில் எழுதியிருந்தார். உறவினர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் இடையில் வழக்கு 2021 வரை இழுத்தது. அந்த வருஷக் கடைசியில் அவர் பாட்டுரிமைகள் உள்ளிட்டவை ஏறத்தாழ 9 கோடி டாலருக்கு விற்கப்பட்டதாகச் செய்தி வந்தது.

2006-இன் மற்ற இருவரையும் இங்கேயே சொல்லிவிடலாம். லூ ரால்ஸ் தன் கனத்த குரலையும் புகழையும் கறுப்பினக் கல்லூரிகளுக்கான தொலைக்காட்சி நிதி வசூலுக்குத் திருப்பினார். பல ஆண்டுகளில் 20 கோடி டாலருக்கு மேல் திரண்டது. பில்லி பிரஸ்டன், பீட்டில்ஸ் தங்கள் தட்டில் தங்கள் பெயருக்குப் பக்கத்தில் பெயர் போட்டுக் கௌரவித்த கீபோர்டு கலைஞர். உடன் வாசித்தவருக்குத் தட்டில் பெயர் கிடைத்தது அபூர்வம் என்பதை ஜேமர்சன் கதைக்குப் பிறகு விளக்க வேண்டியதில்லை.

முன்கூட்டியே தப்பித்தவர்களும் உண்டு. ரே சார்ல்ஸ் 1959-இல் அட்லாண்டிக்கை விட்டு ஏ.பி.சி. கம்பெனிக்குப் போனபோது பதிவுகளின் உரிமை தனக்கே திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்கினார். சாம் குக் சொந்தமாக வெளியீட்டு நிறுவனமும் இசைத்தட்டுக் கம்பெனியும் நடத்தினார். பாட்டு எழுதத் தெரிந்தவர்களும், பேரம் பேசும் நேரத்தில் உச்சியில் இருந்தவர்களும்தான் இதைச் செய்ய முடிந்தது.

2018-க்குப் பிறகு

சட்டம் மெல்ல நகர்ந்திருக்கிறது. அமெரிக்க மத்தியச் சட்டம் ஒலிப்பதிவுகளுக்குப் பாதுகாப்புத் தந்தது 1972 பிப்ரவரி 15 முதல் பதிவானவற்றுக்குத்தான். இந்தக் கட்டுரையில் வந்த பதிவுகள் கிட்டத்தட்ட எல்லாமே அதற்கு முந்தியவை. இணைய வானொலிகள் வந்தபோது அவற்றில் சில இதையே சாக்காக வைத்துப் பழைய பாட்டுகளுக்குப் பணம் தர மறுத்தன. 2018 அக்டோபரில் கையெழுத்தான இசை நவீனமயச் சட்டம் இந்த ஓட்டையை அடைத்தது. டிஜிட்டல் வானொலிகள் செலுத்தும் பணத்தில் 45 சதவீதம் முதன்மைக் கலைஞருக்கும் 5 சதவீதம் உடன் வாசித்தவர்களுக்கும் கம்பெனியின் கை படாமல் நேராகப் போகிறது. பழைய பற்றில் கழிக்க முடியாது என்பதுதான் இதன் முக்கியம். ரூத் பிரவுன் காலமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து வந்த ஏற்பாடு.

சாதாரண வானொலிக்கு இது பொருந்தாது. ஏ.எம்., எஃப்.எம். நிலையம் ஒரு பாட்டைப் போட்டால் எழுதியவருக்குப் பணம் உண்டு, பாடியவருக்கு இல்லை. தட்டு விற்க வானொலி விளம்பரம் செய்கிறதே, அதுவே கூலி என்பது நிலையங்களின் பழைய வாதம். வளர்ந்த நாடுகளில் அநேகமாக வேறெங்கும் இந்த நிலை இல்லை. 'சோல் மேன்' பாட்டை 1967-இல் டேவ் பிரேட்டருடன் பாடிய சாம் மூர் இதற்காகவே காங்கிரஸ் குழுவின் முன் 2007-இல் சாட்சி சொன்னார். அந்தப் பாட்டை எழுதியவர்கள் ஐசக் ஹேயஸும் டேவிட் போர்ட்டரும் என்பதால், அமெரிக்க வானொலியில் அது எத்தனை ஆயிரம் முறை ஓடினாலும் மூருக்கு ஒரு சென்ட் இல்லை. தொண்ணூறுகளில் கலைஞர்களின் ஓய்வூதிய நிதி மேல் வழக்குப் போட்டவர்களிலும் அவர் முன்னால் நின்றார். பாடிய குரலுக்கு வானொலி பணம் தர வேண்டும் என்னும் மசோதா வெவ்வேறு பெயர்களில் காங்கிரஸுக்கு வந்து வந்து போயிற்று. 2025 ஜனவரி 10 அன்று சாம் மூர் 89 வயதில் ஃபுளோரிடாவில் இறந்தார். மசோதா அன்றும் நிறைவேறியிருக்கவில்லை.